பதின்மூன்று மாதத்தில் ஒரு வாத்தியார்

லண்டனின் வட எல்லையில் டிரெண்ட் பார்க் என்றொரு மாளிகை. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் ஜெனரல்களை பிரிட்டன் அங்கேதான் தங்கவைத்திருந்தது. நல்ல சாப்பாடு, உலாவத் தோட்டம், வேளைக்கு உபசாரம். அறைகளில் ஒளித்துவைத்திருந்த மைக்குகள் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஜெனரல்கள் மனம்விட்டுப் பேசியதையெல்லாம் ஜெர்மன் தெரிந்த ஒரு கூட்டம் ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்துகொண்டிருந்தது. போர் முடிந்தது, ஜெனரல்கள் போனார்கள். 1947-இல் அதே மாளிகைக்குள் வேறொரு கூட்டம் நுழைந்தது. ராணுவச் சீருடையைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் ஆவதற்காக வந்தவர்கள் அவர்கள்.

இப்படிப்பட்ட விசித்திரமான முகவரிகள் அன்றைக்கு நிறைய இருந்தன. ஸ்காட்லாந்து எல்லைக்கருகே நார்தம்பர்லாந்து பிரபுவின் ஆனிக் கோட்டை, 1945-இல் ஆசிரியை ஆக விரும்பிய பெண்களுக்கான கல்லூரி ஆயிற்று. (ஹாரி பாட்டர் முதல் படத்தில் பிள்ளைகள் துடைப்பத்தில் பறக்கப் பழகுவது இந்தக் கோட்டையில்தான். அந்த இடத்துக்கே பள்ளிக்கூட ராசி போலிருக்கிறது.) வெடிமருந்துத் தொழிலாளர் விடுதிகள், விமானப்படை முகாம்கள், ஜமீன் வீடுகள் என்று கூரையும் படுக்கையும் கிடைத்த இடத்திலெல்லாம் கல்லூரிகள் முளைத்தன. மொத்தம் 55. இந்த ஏற்பாட்டுக்கு அரசு வைத்த பெயரில் பூச்சு எதுவும் இல்லை: ‘அவசரப் பயிற்சித் திட்டம்’.

அவசரத்துக்குக் காரணம் ஒரு சட்டம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944-இல், அன்றைய கல்வி அமைச்சர் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம், கட்டாயக் கல்வி வயதை 14-லிருந்து 15 ஆக உயர்த்துவதாக வாக்களித்தது. ஒரு வயதைக் கூட்டுவது என்றால், நாடு முழுவதும் ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் கூடுதலாக உட்காருவார்கள். வகுப்பறைகளில் பல குண்டுவீச்சில் இடிந்து கிடந்தன. ஆசிரியர்களில் பலர் போர்முனையில். ஓய்வு பெற வேண்டியவர்கள்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு ஆண்டு வேண்டும். அவ்வளவு காலம் கையில் இல்லை.

போருக்குப் பின் கல்வி அமைச்சரான எலன் வில்கின்சனுக்கு இந்த நெருக்கடி ஏட்டில் படித்த விஷயமல்ல. மான்செஸ்டரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் பாதி வாரம் ஆசிரியர் பயிற்சி, பாதி வாரம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துவது என்று வளர்ந்தவர். வளராத பிள்ளையை வாத்தியாராக்கும் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நீண்ட பூர்வகதை உண்டு. அது தொடங்குவது நம் எழும்பூரில்.

1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளின் பாதிரியாராகப் பேர் எழுதிச் சம்பளம் வாங்கிய கெட்டிக்காரர். அவருக்கு வாய்த்த உதவி ஆசிரியர்கள் புது முறை எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். உதவி ஆசிரியர்கள் முகம் சுளித்தபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். திண்ணையில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலைதான் அது. பெல் அதை எழுதி 1797-இல் லண்டனில் அச்சிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் அது பரவியது. சம்பளம் கேட்காத சட்டாம்பிள்ளைகளை எந்த அரசுக்குத்தான் பிடிக்காது! 1846-இல் அதைச் சற்றுத் திருத்தி, 13 வயதுப் பிள்ளைகளை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ‘மாணவ ஆசிரியர்’களாகச் சேர்த்தார்கள். எலன் வில்கின்சன் அந்த மரபின் கடைசிக் கிளையில் வந்தவர்.

ஆக, ஆசிரியர் பஞ்சம் வந்தபோதெல்லாம் இங்கிலாந்து கைநீட்டியது சிறுபிள்ளைகளிடம்தான், அவர்கள் மலிவு. 1945-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. படையிலோ வேறு போர்க்காலப் பணியிலோ ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும், வயது 21-ஐத் தாண்டியிருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் நேர்காணலில் ஆளை நன்றாகவே அளந்தார்கள். குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, மெக்கானிக், மாலுமி என்று பலதரப்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். படிப்புச் செலவு அரசுடையது. குடும்பஸ்தர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. தேர்வானவர்கள்கூடக் கல்லூரியில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

பயிற்சி ஏறத்தாழ 13 மாதம். இறுதியில் எழுத்துத் தேர்வு கிடையாது என்பது அன்றைக்குத் துணிச்சலான முடிவு. ஆண்டு முழுவதும் செய்த வேலையையும் வகுப்பில் நின்று நடத்திய பாடத்தையும் வைத்தே ஆளை மதிப்பிட்டார்கள். வேலையில் சேர்ந்தபின் இரண்டாண்டு தகுதிகாண் பருவம். அந்தப் பருவத்தில் பகுதிநேரமாகப் படிப்பைத் தொடர வேண்டும். இதையெல்லாம் பார்த்து, தொழிலின் மதிப்பே கரைந்துவிடும் என்று முணுமுணுத்த பழைய ஆசிரியர்களும் இருந்தார்கள். பயம் நியாயமானதுதான். ஒரே ஆண்டில் கணிதமும் வரலாறும் குழந்தை உளவியலும் ஒருவர் தலைக்குள் எவ்வளவுதான் இறங்கும்? ஆனால் பாலைவனத்தில் லாரி பழுது பார்த்தவரும் கப்பலில் இரவுக் காவல் நின்றவரும் வெறும் பலகையாக வந்து நிற்கவில்லை. முப்பது பேரை அதட்டாமல் அடக்குவது எப்படி என்று அவர்களில் பலருக்குக் கல்லூரி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் வாங்கிய எட்வர்ட் பிளிஷனும் இந்த வழியில் வந்தவரே. அவர் துப்பாக்கி ஏந்த மறுத்துப் போர்க்காலம் முழுவதும் பண்ணை வேலை செய்தவர். வடக்கு லண்டனின் முரட்டுப் பையன்களோடு பட்ட பாட்டைத்தான் 1955-இல் ‘ரோரிங் பாய்ஸ்’ என்ற புத்தகமாக்கினார்.

பெண்கள் விஷயத்தில் அரசின் நடத்தை அவ்வளவு அழகாக இல்லை. அதுவரை பல ஊர்களில் ஆசிரியை கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். 1944 சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு மார்ச்சில், ஆசிரியைகளுக்கும் சம ஊதியம் என்ற திருத்தம் நாடாளுமன்றத்தில் 117-க்கு 116 என ஒரே வாக்கில் வென்றது. பிரதமர் சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக்கி, அந்த வாரத்திலேயே முறியடித்தார். பெண்கள் வேண்டும், சம்பளம் மட்டும் குறைவாக. சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆசிரியைகள் போதாமல் அரசு பின்னால் திண்டாடியதில் வியப்பில்லை.

வயதை உயர்த்தும் நாள் 1947 ஏப்ரல் 1 என்று குறித்திருந்தார்கள். பணமில்லை, தள்ளிப்போடலாம் என்று அமைச்சரவைக்குள்ளேயே குரல்கள் எழுந்தன. எலன் வில்கின்சன் விடவில்லை; வாதாடி வென்றார். அந்த நாளைப் பார்க்கத்தான் அவர் இல்லை. பிப்ரவரி 6-ஆம் தேதி இறந்துபோனார். கூடுதல் பிள்ளைகளுக்காக அவசரமாக எழுப்பிய கான்கிரீட் குடில்களில் வகுப்புகள் தொடங்கின. தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய அந்தக் குடில்களில் பல, பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்றன.

1951-இல் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 35,000 பேர் ஆசிரியர்களாகியிருந்தார்கள். அவர்களில் சுமார் 12,000 பேர் பெண்கள். கல்லூரிகள் சில மூடின, சில நிரந்தரமாயின. லிவர்பூலுக்கு வெளியே கிர்க்பியில் இருந்த கல்லூரிக்கு மட்டும் யாரும் எதிர்பாராத மறுபிறவி கிடைத்தது.

வெடிமருந்துத் தொழிலாளர்களுக்காகப் போரின்போது கட்டிய விடுதி அது. 1952 முதல் அங்கே, அப்போது பிரிட்டன் ஆண்ட மலாயாவிலிருந்து மாணவர்கள் வந்து இறங்கினார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அவசரநிலையில் இருந்த மலாயாவில் ஆசிரியர் பஞ்சம் கடுமையாக இருந்தது. மலாய், சீன, இந்திய வம்சாவளி இளைஞர்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, இரண்டாண்டு பயின்று ஊர் திரும்பினார்கள். 1962 வரை இது நடந்தது.

1956 பிப்ரவரி 7 அன்று மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான் அந்தக் கல்லூரிக்கு வந்தார். லண்டனில் விடுதலைப் பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. மறுநாள் ஒப்பந்தம் கையெழுத்தாகவிருந்தது. 1957 ஆகஸ்டில் மலாயா சுதந்திரம் பெறும் என்று மாணவர்களிடம் சொன்னார். தாயகம் திரும்பி மலாக்காத் திடலில் மக்கள் கூட்டத்துக்கு அவர் அதை அறிவித்தது பிப்ரவரி 20-இல். பதின்மூன்று நாள் முன்பாகவே, லிவர்பூல் குளிரில், பாடக் குறிப்பு எழுதப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் செய்தி தெரிந்துவிட்டது.