ஒரு நாள் தாங்காத கள்

பிரிக்பீல்ட்ஸில் நண்பர் வீட்டு அலமாரியில் போர்ட் வைன் போத்தல் ஒன்றைப் பார்த்தேன். போர்த்துகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சை. அந்தப் பகுதிக்கு 1756இலேயே எல்லை வகுத்துவிட்டார்கள். பழத்தைக் கல்தொட்டியில் மிதித்து, நொதிப்பு பாதியில் இருக்கும்போது திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்துவார்கள். மிஞ்சிய சர்க்கரைதான் அதன் இனிப்பு. பிறகு மரப்பீப்பாயில் பல ஆண்டுகள் கிடக்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயர் போத்தலில் பெரிதாக இருந்தது.

எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். "கள்ளு ஒரு நாளைக்கு மேல தாங்காதுடா. எங்கப்பா சம்பளம் அதுகூடத் தாங்கல" என்பார்.

கள் இறக்குவதும் கைத்தொழில்தான். விரியாத தென்னம்பாளையை இறுகக் கட்டி, நாள்கணக்கில் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். போர்ட்டைப் போல இதை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. மறுநாள் புளிப்பேறி, மெல்ல மெல்லக் காடியாகிவிடும்.

ஆகவே அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். வாங்குபவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டங்களுக்குள்ளேயே உரிமத்துடன் கள்ளுக்கடைகள் இயங்கின. சம்சு குடித்துச் சாவதைவிடக் கள் மேல் என்று துரைமார்கள் நியாயம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் தோட்டம் கொடுத்த கூலி தோட்டத்துக் கடைக்கே திரும்பிப் போனது. அடுப்பு மூட்டக் காத்திருந்த பெண்களுக்கு அந்த நியாயம் எதற்கு?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்தக் கோரிக்கையை வெறும் ஒழுக்கப் பிரசாரமாக என்னால் வாசிக்க முடியவில்லை. சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில் இருப்பதுதான் விஷயம். இரண்டுமே 'எங்களைக் குனிய வைக்காதே' என்பதுதான்.

மே மாதம் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கள்ளுக்கடைகள் மூடப்படவில்லை. போருக்குப் பிறகு 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அதே கடைகளின் முன் மறியல் செய்ய வேண்டியிருந்தது.

டோரோவிலும் மிதித்தவர்களின் பெயர் போத்தலில் இல்லை. கிள்ளானில் மரம் ஏறியவர்களின் பெயரும் எங்கும் இல்லை. ஆனால் கடையை மூடச் சொன்னவர்கள் தங்கள் கோரிக்கையை எழுத்தில் விட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவரா, கடைக்குள் இருந்தவரா என்று நான் கேட்டதில்லை. இரண்டுமாகவும் இருந்திருக்கலாம்.