குனிடாச்சி ரயில் நிலையம்: பிரித்து வைக்கப்பட்டு மீண்டும் எழுந்த சிவப்புக் கூரை

ஜப்பான் தலைநகர் டோக்கியோவின் மேற்குப் புறநகரில், சுவோ ரயில் பாதையில் அமைந்துள்ளது குனிடாச்சி நிலையம். 1926 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்ட இதன் மரக் கட்டடம் 2006-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, 2020-இல் ஏறத்தாழ அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது.

நிலையம் வருவதற்கு முன் இப்பகுதி யாஹோ என்ற கிராமத்தைச் சேர்ந்த காட்டு நிலமாக இருந்தது. தொழிலதிபர் யசுஜிரோ சுட்சுமியின் ஹகோனே நில நிறுவனம் இங்கு ஒரு பல்கலைக்கழக நகரத்தை அமைக்கத் திட்டமிட்டது. 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த கான்டோ பெரு நிலநடுக்கத்தில், மத்திய டோக்கியோவில் இருந்த வணிகப் பல்கலைக்கழகம் தன் கட்டடங்களை இழந்தது. இன்று ஹிட்டோட்சுபாஷி எனப்படும் அப்பல்கலைக்கழகம் பின்னர் இங்கு இடம்பெயர்ந்தது. நிலையக் கட்டடத்தை அந்நிறுவனமே கட்டி ரயில்வே அமைச்சகத்திடம் ஒப்படைத்தது.

நிலையம் கொகுபுன்ஜி, டாச்சிகாவா ஆகிய இரு நிலையங்களுக்கு இடையில் உள்ளது. அவ்விரு பெயர்களின் முதல் எழுத்துகளை இணைத்தால் ஜப்பானிய மொழியில் 'குனிடாச்சி' என்று வாசிக்கலாம். ஊரின் பெயர் நிலையத்துக்கு வருவதே வழக்கம். இங்கோ நிலையத்தின் பெயர் ஊருக்கு வந்தது. யாஹோ கிராமம் 1951-இல் குனிடாச்சி பேரூராகவும், 1967-இல் நகரமாகவும் ஆனது.

ஒருபுறம் நீண்டு சரியும் சிவப்புக் கூரையும் அரைவட்டச் சாளரமும் கட்டடத்தின் அடையாளங்கள். அதன் முன்னிருந்து தெற்கே நேராகச் செல்லும் பல்கலைக்கழகச் சாலை சுமார் 44 மீட்டர் அகலம் கொண்டது. சாலையின் இருபுறமும் செர்ரி, ஜிங்கோ மரங்கள் உள்ளன.

மிடாகா முதல் டாச்சிகாவா வரையிலான சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் இருந்த 18 ரயில்வே கேட்டுகளை அகற்ற, தண்டவாளங்களை உயர்மட்டப் பாதைக்கு மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. பழைய கட்டடம் அதற்கு இடையூறாக நின்றது. அதைக் காக்க வேண்டும் எனக் குடியிருப்பாளர்கள் கோரினர்.

கட்டடத்தைப் பிரித்து வைப்பதைவிட மீண்டும் நிறுவுவதே கடினமான சிக்கலாக இருந்தது. தீத்தடுப்பு விதிகள் பொருந்தும் நகரப் பகுதியில் பழைய முறையிலான மரக் கட்டடத்தைப் புதிதாக எழுப்பச் சட்டம் இடமளிக்காது. பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்துகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே 2006-இல் நகராட்சி இதனைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பிரிக்கப்பட்ட மரங்கள் பத்திரப்படுத்தப்பட்டன. கட்டடத்துக்குத் தேவையான நிலத்தை ஜேஆர் கிழக்கு நிறுவனத்திடமிருந்து நகராட்சி பின்னர் விலைக்கு வாங்கியது.

2020 ஏப்ரலில் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய பாகங்களில் சுமார் 70 சதவீதம் அதில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன.

அதே ஆண்டு மார்ச்சில், மத்திய டோக்கியோவில் 1924-இல் கட்டப்பட்ட ஹராஜுகு நிலையத்தின் மரக் கட்டடம் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. தீத்தடுப்பு விதிகளுக்கு அது பொருந்தவில்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

குனிடாச்சியில் பயணிகள் தற்போது உயர்மட்ட நிலையத்தையே பயன்படுத்துகின்றனர். பழைய கட்டடம் சுற்றுலாத் தகவல் மையமாகவும் நகர வரலாற்றுக் காட்சியகமாகவும் மக்கள் கூடும் இடமாகவும் செயல்படுகிறது.