துக்கத்திற்கு உரியோர்: தமிழ் நடிகர் நினைவு வழிபாட்டின் வளர்ச்சி

ஒருவர் மறைந்தால் அவருக்காகத் துக்கம் காக்க உரியோர் யாவர் என்பதைத் தமிழ்க் குடும்பம் மிக நுட்பமாக வகுத்து வைத்திருக்கிறது. கொள்ளி வைப்பவன் மகன்; நெய்ப்பந்தம் பிடிப்போர் பேரர்; கோடி கொண்டுவருவோர் பிறந்த வீட்டார்; தீட்டு காப்போர் பங்காளிகள். அயலாருக்கு இந்த வரிசையில் இடமில்லை. துக்கம் விசாரித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் போவதே அவர்க்கு விதித்த மரியாதை. நடிகரின் மரணம் ஒன்றில் மாத்திரம் இவ்வரம்பு சென்ற நூறாண்டுகளில் படிப்படியாகத் தளர்ந்து, முன்பின் நேரில் கண்டு பேசியிராத ஜனங்கள் மகனுக்குரிய கிரியைகளையே தமக்கு உரியவையாக எடுத்துக்கொள்ளும் நிலை வந்திருக்கிறது. இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

நாடக உலகில் துக்கம் காக்கும் உரிமை முதலில் சீடர்களுடையதாக இருந்தது. மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, டி.கே.எஸ். சகோதரர் முதலிய சிறுவர்களுக்கு நாடகம் பயிற்றுவித்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானபோது, அவருடைய பாடங்களை மனப்பாடம் செய்து வயிறு வளர்த்த நடிகர்களே அவருக்கு வாரிசுகளாயினர். கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் சமாதியில் ஆண்டுதோறும் நடப்பது திவசம் அன்று, குருபூஜை. இவ்வேறுபாட்டை நான் சிறியதாக எண்ணவில்லை. கூத்தாடி என்று ஊரார் இகழ்ந்த காலத்தில், ஆசிரியரை ஞானியர் வரிசையில் வைத்துப் பூஜித்ததன் வாயிலாக நடிகர்கள் தம் தொழிலுக்கே ஒரு பரம்பரையையும் கௌரவத்தையும் தேடிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பூஜையில் நாடகம் பார்த்தவனுக்கு அலுவல் ஏதும் இல்லை.

பார்த்தவனையும் கேட்டவனையும் உள்ளே அழைத்து வந்தது எஸ்.ஜி. கிட்டப்பாவின் மரணம். செங்கோட்டையில் பிறந்து, ஈடு இணையற்ற சாரீரத்தால் மேடையை ஆண்ட கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் நாள், தமது இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவருக்கு முன்னமே மணமாகியிருக்க, மேடைத் தோழமையால் அவரை வரித்த கே.பி. சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளைப் புடவையும் விபூதியுமாகத் தம்மை மாற்றிக்கொண்டார். எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதமும் பூண்டார். வயது இருபத்தைந்தே ஆகியிருந்த, புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகை, வீட்டு மூலையில் அனுஷ்டிக்க வேண்டியதாகச் சம்பிரதாயம் கருதிய கைம்மையைப் பொது மேடையில் அனுஷ்டித்தமை முன்னர் நிகழாதது. ஜனங்கள் அதைக் கண்டு விலகவில்லை. அந்தத் துக்கத்தில் தாமும் பங்காளிகளானார்கள். கிராமபோன் தட்டுகளோ, இறந்தவருடைய குரலை அவருடைய சொந்தக்காரர் அல்லாதோர் வீடுகளிலும் தினந்தோறும் ஒலிக்கச் செய்தன.

அந்த விரதம் சுந்தராம்பாளின் கலை வாழ்க்கையையே வடிவமைத்தது. ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்று நாடே வியந்து பேசிய 1935-ஆம் ஆண்டின் 'நந்தனா'ரில் அவர் ஏற்றது ஆண் வேடம், 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் 'பூம்புகா'ரின் கவுந்தியடிகள். அடியாரும் துறவியும் மூதாட்டியுமாகவே அமைந்த இவ்வரிசையை நோக்குகிறவர்க்கு, தயாரிப்பாளர்கள் கதாபாத்திரத்தைத் தேடினார்களா, அந்த வெள்ளைப் புடவைக்கு ஏற்ற கதையைத் தேடினார்களா என்ற ஐயம் எழாமற் போகாது.

இதன்பின் வந்த இரண்டு மரணங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட் 30-இல் மறைந்தார்; எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1-இல் மறைந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இருவரும் ஒருங்கே சிறைவாசம் அனுபவித்து மீண்டவர்கள். திராவிட இயக்கத்தாரின் அன்பு கலைவாணருக்கு இருந்தமையால், தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில், நோயின் பிடியில் இருந்த முதலமைச்சர் அண்ணாதுரையே திறந்து வைத்தார். பின்னர் அரசினர் அரங்கு ஒன்றும் கலைவாணர் பெயர் பெற்றது. மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதா'ஸின் நாயகருக்கோ கட்சியும் இல்லை, மன்றமும் இல்லை. திருச்சிராப்பள்ளி சங்கிலியாண்டபுரத்துச் சமாதியையும், பாட்டின் நினைவையும், உள்ளூராரும் அவர் பிறந்த சமூகத்தாரும் பழைய சங்கீத அபிமானிகளுமே நெடுங்காலம் காத்து வந்தார்கள். அரசு மணிமண்டபம் எழுப்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அன்பு எவ்வளவு பெரிதாயினும் அதைத் தாங்க ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பது இங்கே வெளிப்படுகிறது.

அந்த ஸ்தாபனம்தான் 1950-களில் தோன்றிப் பெருகிய ரசிகர் மன்றம். தெருமுனையில் ஒரு பலகை, ஒரு தலைவர், ஒரு செயலாளர், சந்தாப் புத்தகம் என்று தொடங்கிய இச்சிறு சபைகள், படம் வெளியாகும் நாளில் தோரணம் கட்டியதோடு நில்லாமல், பிறந்த நாளும் நினைவு நாளும் கொண்டாடக் கற்றுக்கொண்டன. எம்.ஜி. இராமச்சந்திரன் 1984-இல் நோயுற்றபோது அங்கப்பிரதட்சணமும் உண்ணாநோன்பும் நடந்தமையும், 1987 டிசம்பர் 24-இல் அவர் மறைந்தபோது பலர் மகன்போல் தலைமுடி களைந்தமையும், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டமையும் அனைவரும் அறிந்தவை. அவர் ஆட்சித் தலைவராகவும் இருந்தமையால், அங்கே நடிகருக்குரிய துக்கம் எது, முதலமைச்சருக்குரிய துக்கம் எது எனப் பிரித்தெடுப்பது இயலாது. ஆகவே அதை இவ்வளவில் விடுத்து, அத்தகைய கலப்பில்லாத சிவாஜி கணேசனின் வரலாற்றுக்கு வருவோம்.

சிறுவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்து, அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய வீரனாக நடித்துப் பெரியாரால் சிவாஜி எனப் பெயர் பெற்ற கணேசன், 1952-இல் 'பராசக்தி'யால் திரைக்கு வந்தார். அரசியலில் அவர் வென்றதில்லை. 1989-இல் திருவையாற்றில் தாமே தோற்றார். அவர் ரசிகருக்கு அவரால் பதவியோ பயனோ வாய்க்கவில்லை. அன்றியும், வெள்ளையன் தூக்கிலிட்ட கட்டபொம்மனாகவும், தங்கைக்காக உருகி மாயும் 'பாசமல'ரின் அண்ணனாகவும், தேர்க்காலடியில் சாயும் கர்ணனாகவும் அவர் இறப்பதை ரசிகர்கள் திரையில் எத்தனையோ முறை கண்டு அழுதவர்கள். எம்.ஜி.ஆர். மாள்வதாக முடியும் படங்களோ அரியவை. 2001 ஜூலை 21-இல் உண்மை மரணம் வந்தபோது, ஒரு சாராருக்கு அது முன்னமே பழகிய அழுகை.

அடுத்த நாள் பெசன்ட் நகர் மயானத்தில் அவர் உடல் தகனமாயிற்று. இந்தத் தகனமே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் காரணம் என்பது என் துணிபு. மெரினாவில் எம்.ஜி.ஆருக்குச் சமாதி உண்டு. அங்கே கல்லில் காது வைத்துக் கைக்கடிகாரத்தின் ஒலி கேட்கிறதா என்று பார்ப்போர் இன்றும் உளர். சிவாஜி ரசிகருக்குச் சென்று நிற்க ஓரிடம் இல்லை. அக்குறையைத் தீர்த்தது, 2006 ஜூலை 21-இல், நினைவு நாள் அன்றே, காமராஜர் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே முதலமைச்சர் கருணாநிதி திறந்து வைத்த சிலை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, 2014-இல் உயர் நீதிமன்றம் அகற்றச் சொல்லி, 2017 ஆகஸ்டில் அது பெயர்த்தெடுக்கப்பட்டபோது, சாலை விதியைப் பற்றிய விவகாரமாக நீதிமன்றத்தார் கண்டதை ரசிகர்கள் சமாதியைத் தோண்டிய செயலாகவே உணர்ந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 1-இல் அடையாற்றில் மணிமண்டபம் திறக்கப்பெற்று, சிலையும் அங்கே இடம் பெற்றது.

ஆயினும் ரசிகர் தாமே நடத்திய நினைவுச் சடங்கு திரையரங்கில்தான் முழு உருவம் கொண்டது. மதுரை சென்ட்ரல் திரையரங்கில் பழைய படம் ஓடும் ஞாயிற்றுக்கிழமை மாலையும், 2012 மார்ச்சில் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்து நூறு நாட்களைக் கடந்த 'கர்ண'னும் இதற்குச் சான்று. வாசலில் பதாகைக்கு மாலை, பாலாபிஷேகம், பூசணிக்காயின் மேல் கற்பூரம், வெடிச்சத்தம். உள்ளே அவர் முதன்முதல் தோன்றும் காட்சியில் சூடத்தட்டு திரையை நோக்கி உயர, பேரன்மார் எடுத்த பாட்டன்மார் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் கூடவே சொல்வார்கள். பாட்டு முடிந்தால் மறுபடியும் போடும்படி கூச்சல் எழும். அழுகை இங்கே எள்ளளவும் இல்லை. இறந்தவர் வந்துவிட்டார் என்ற குதூகலமே உண்டு. மேடை நடிகரோடு அழிந்துபோன கலையைக் குருபூஜையால் நினைக்க வேண்டியிருந்தது. திரை நடிகரோ, மன்றத்தார் அழைத்தபோதெல்லாம் வரக்கூடியவர்.

சென்னை அண்ணா சாலையில் இம்மன்றத்தார் கூடிப் பேசிவந்த சாந்தி திரையரங்கம் 2016-இல் மூடப்பட்டது. சிவாஜியின் பிறந்த நாளாகிய அக்டோபர் 1 இப்போது அரசு விழா. அடையாற்று மணிமண்டபத்தில் அமைச்சர் முதல் மாலை இடுகிறார், அதிகாரிகள் தொடர்கிறார்கள், அதன் பின்னரே மன்றத்தார் மாலைக்கு முறை வருகிறது.