மணிக்கட்டின் கணக்கு

கோரிப்பாளையத்தில் விடியற்காலை நடப்போர் சிலரின் மணிக்கட்டில் இன்று துடிப்பை எண்ணும் கடிகாரம் இருக்கிறது. அதே மணிக்கட்டில்தான் சித்த மருத்துவர் மூவிரல் வைத்து வாதம், பித்தம், கபம் அறிந்தார்.

எண்ணின் வரலாறு இளையது. 1957இல் பின்லாந்து அறிஞர் மார்ட்டி கார்வோனென், ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடந்தாலே இதயம் பயிற்சி பெறும் எனக் காட்டினார். அந்நாட்டுப் போலார் நிறுவனத்தின் கம்பியில்லாத் துடிப்புமானி 1982இல் வந்தது.

உச்சத்தை அறிய 220இல் வயதைக் கழிப்பர், அது சராசரியே. என் வயது 45, உச்சம் 175. ஓய்வில் 75, இடைவெளி 100, அதில் 60ஐ 75உடன் கூட்ட 135. உடன் நடக்கும் நண்பருக்கும் அதே வயதுதான். ஓய்வில் 55 என்பதால் அவர் எல்லை 127. அவர் எண்ணை என் இலக்காகக் கொண்டிருந்தது பிழை.

எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணினால் கணக்கு நம்முடையதாகும். ஆள்தோறும் கைபிடித்துப் பார்த்த பழைய வைத்தியர் இதை மறுக்கமாட்டார்.