வி.வி.கிரி: தொழிற்சங்கத் தலைவர் ஜனாதிபதியான கதை

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களின் சம்பள ஒப்பந்தம் முடியும் நேரம் வந்துவிட்டால் டீக்கடையிலும் கம்பெனி வாசலிலும் ஒரே கேள்விதான்: "இந்த வாட்டி எத்தனை பர்சன்ட் ஏத்துவாங்க?" முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பல சுற்று உட்கார்ந்து பேசி, சில வருடங்களுக்கு ஒருமுறை புது ஒப்பந்தம் போடுகின்றன. பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 1984ல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது.

தொழில் தகராறை இரு தரப்பும் நேரில் பேசித்தான் தீர்க்க வேண்டும், தீர்ப்பாயத்திடம் விட்டுவிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் வி.வி.கிரி. வணிகவியல் மாணவர்கள் 'கிரி அணுகுமுறை' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் கதை இரண்டு மார்க்கில் அடங்காது.

கிரி பிறந்தது 1894ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரில். இன்று அது ஒடிசாவில் இருக்கிறது. 1913ல் சட்டம் படிக்க அயர்லாந்து போனார். அங்கே விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. 1916 எழுச்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறும்படி ஆங்கிலேய அரசு உத்தரவிட, ஊர் திரும்பினார். பிறகு காங்கிரஸ், சிறை, அதோடு தொழிற்சங்கம். அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஏ.ஐ.டி.யு.சி.க்கு இரண்டு முறை தலைவராக இருந்தார்.

1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்து, ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர், தொழில் துறை அமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பின் இலங்கையில் இந்தியத் தூதர். 1952ல் நேருவின் மந்திரிசபையில் தொழிலாளர் அமைச்சர்.

இங்கேதான் 'கிரி அணுகுமுறை' பிறந்தது. தகராறு வந்தவுடன் அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் பேசும் பழக்கமே போய்விடும் என்றார். ஒரு தரப்பு ஜெயிக்கும், ஒரு தரப்பு தோற்கும், பகை மட்டும் அப்படியே இருக்கும். சங்கம் பலமாக வளரவும் வழியிருக்காது. எனவே கட்டாயத் தீர்ப்பைக் கைவிட்டு, கூட்டுப் பேரத்தை நம்புங்கள் என்பதுதான் அவர் வாதம். அதை முதலாளிகளும் முழுதாக ஏற்கவில்லை, தொழிற்சங்கங்களும் ஏற்கவில்லை. அரசும் ஏற்கவில்லை.

1954ல் வங்கி ஊழியர் சம்பளம் பற்றி தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு சொன்னது. மத்திய அரசு அதை ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. தொழிலாளர் அமைச்சரான கிரி, இதை ஏற்க முடியாது என்று ராஜினாமா செய்தார். அதன் பிறகு நீதிபதி கஜேந்திரகட்கர் கமிஷன் அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைப்படி 1955ல் புதுச் சட்டமே வந்தது. ஒரு ராஜினாமாவுக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

பிறகு மூன்று மாநிலங்களில் கவர்னர், 1967ல் துணை ஜனாதிபதி. 1969 மே 3ம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். கிரி தற்காலிக ஜனாதிபதியானார். காங்கிரஸ் மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினார்கள். பிரதமர் இந்திரா காந்திக்கு அதில் விருப்பமில்லை.

ஜூலை 19ல் 14 தனியார் வங்கிகளை தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டார். மறுநாள் பதவியை ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 74.

தமிழ்நாடும் இதில் இரண்டாகப் பிரிந்தது. காமராஜர் ரெட்டி பக்கம். தி.மு.க. கிரி பக்கம். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா சொன்னது காங்கிரசையே உடைக்கும் பேச்சாக மாறியது.

முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769 என்று வாக்கு மதிப்பு கிடைத்தது. ஜெயிக்கத் தேவை 4,18,169. யாருக்கும் அது இல்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி இரண்டாம் விருப்ப வாக்குகளைச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இந்திய ஜனாதிபதி தேர்தல்களில் இரண்டாம் விருப்ப வாக்கு வரை போய் முடிவு தெரிந்தது அந்த ஒரு முறைதான். கட்சி வேட்பாளராக நிற்காமல் ஜெயித்த ஜனாதிபதியும் அவர் ஒருவர்தான்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் சம்பளமும் போனசும் கேட்டு நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றது கிரி வளர்த்த அதே சம்மேளனம். அப்போது அதன் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே அவர் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். சுமார் 20 நாளில் போராட்டம் நசுக்கப்பட்டது. ராஷ்டிரபதி பவனில் இருந்தவர் கிரி.

ஜனாதிபதி மந்திரிசபையின் ஆலோசனைப்படிதான் நடக்க முடியும் என்பது உண்மை. ஆனாலும் 1954ல் வங்கி ஊழியருக்காகப் பதவியை விட்டவர், 1974ல் தன் சொந்த சங்கத்துக்காக அதைச் செய்யவில்லை. 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற விமர்சனம் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்தது. 1975ல் பாரத ரத்னா. 1980ல் சென்னையில் காலமானார்.

சீர்திருத்தக்காரர் உயரப் போகப் போக அவர் கையில் அதிகாரம் கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிரியின் வாழ்க்கை நேர்மாறாகக் காட்டுகிறது. சங்கத்தில் இருந்தபோது அவரால் ரயிலை நிறுத்த முடிந்தது. அமைச்சராக இருந்தபோது ஒரு ராஜினாமாவால் சட்டத்தை வரவழைக்க முடிந்தது. நாட்டின் முதல் குடிமகனானபோது கையெழுத்துதான் போட முடிந்தது.

ஆனால் அவர் சொன்ன முறை சாகவில்லை. திருப்பூரில் ஒவ்வொரு சம்பள ஒப்பந்தமும் கூட்டுப் பேரம்தான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பேச உட்காரும் இரண்டு பக்கமும் பலமாக இருக்க வேண்டும். கான்ட்ராக்டிலும் பீஸ் ரேட்டிலும் வேலை செய்பவர்கள், வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்று சங்கத்தில் சேராதவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்காக அந்த மேஜையில் யார் பேசுவது? கிரி இருந்திருந்தால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.