பெர்த் – கொக்கலை: போர்க்கால வான்வழி

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் தெரிந்தால் பறக்கும் நேரமும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். விமானப் பயணத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த வான்தொடர்பு அறுந்தது. அதை மீட்க 1943இல் குவாண்டாஸ் விமான நிறுவனம் தேர்ந்த வழி, பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிவரை, நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 5,650 கிலோமீட்டர். கட்டலினா கடல் விமானத்துக்கு இது ஒரு முழு நாளையும் தாண்டிய பயணம்; மிக நீண்டது 32 மணி நேரத்தைக் கடந்தது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள்.

விமானம் மெதுவானது, அதனால்தான் இவ்வளவு நேரம் என்று சொல்லலாம். 1944இல் லிபரேட்டர் விமானங்கள் வந்தபின் நேரம் குறைந்ததும் உண்மையே. ஆனால் கட்டலினாவின் அந்த நிதானத்தில்தான் எரிபொருள் கரைவரை தாங்கியது. கூடுதல் தொட்டிகளுக்காக அவசியமற்ற கருவிகளையெல்லாம் கழற்றினார்கள். மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம் மிஞ்சியது. புறப்பட்ட முதல் சில மணி நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால், அந்தப் பாரத்தோடு மற்றது உயரத்தைக் காக்காது. எதிரிக்குக் கேட்டுவிடாதிருக்க வானொலியையும் மௌனமாக்கி, நட்சத்திரங்களைக் கொண்டு திசை கணித்தார்கள். இத்தனை துணிவையும் கணக்கையும் விமானத்தின் வேகக் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். 1945 ஜூலையில் கட்டலினா சேவை நின்றபோது 271 முறை கடலைக் கடந்திருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.