பதினாறு நிரம்பியதா?

எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில்தான் வரும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில் அல்லவா! வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம். தலைமையாசிரியர் மனதுக்குப் பட்ட ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே குழந்தை பிறந்தால் மேரிக்குப் போய்ப் பதிந்தாக வேண்டும். அதனால் என் தேதி மட்டும் அசல் என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன்.

திருவள்ளூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு நாள் அண்ணன் தம்பி இருவர் என் மேசை முன் வந்து நின்றார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர, தம்பிக்கு 18 ஆகியிருக்க வேண்டும். அரசு வேலைக்கு மனுப் போட, அண்ணனுக்கு இரண்டு வயது குறைய வேண்டும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவருக்கு ஏற்ற வேண்டும், ஒருவருக்கு இறக்க வேண்டும். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

விளையாட்டிலும் இதே கதைதான். நம் நாட்டுக் கிரிக்கெட்டில் வயதைக் குறைப்பார்கள். சிறுவர் அணியில் பெரியவன் ஆடினால் லாபம். அதைப் பிடிக்கத்தான் கிரிக்கெட் வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறது. 2019-ல் ஜம்மு காஷ்மீர் வேகப்பந்து வீச்சாளர் ரசிக் சலாமுக்குத் தவறான பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததற்காக 2 ஆண்டுத் தடை விதித்தார்கள்.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஏற்றுவார்கள். எடை குறைந்த சின்ன உடம்பு எளிதாகச் சுழலும். சிறுமிக்குப் பயமும் குறைவு. 1976-ல் மான்ட்ரியலில் நாடியா கொமனேச்சி முழுப் பத்து மதிப்பெண் வாங்கியபோது வயது 14. குறைந்தபட்ச வயதை 1981-ல் 15 ஆகவும், 1997-ல் 16 ஆகவும் உயர்த்தினார்கள். விதி வந்ததும் தேதிகள் நகர ஆரம்பித்தன. ருமேனியாவின் டானியேலா சிலிவாஷ் 1985-ல் உலகப் பட்டம் வென்றபோது உண்மையில் 13 வயதுதான். பிறந்த ஆண்டை 1972-லிருந்து 1970-க்கு மாற்றியிருந்தார்கள் என்று 2002-ல் அவரே சொன்னார். வட கொரியாவின் கிம் குவாங் சுக் விஷயம் இன்னும் வேடிக்கை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 15 வயது என்றே எழுதிக் கொடுத்தார்கள்! 1993 உலகப் போட்டிக்கு அந்த நாட்டையே சேர்க்கவில்லை.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு மிகவும் பிடித்தது சீனாவின் டோங் ஃபாங்சியாவ் வழக்கு. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் சீன அணிக்கு வெண்கலம். அவர் பிறந்தது 1983 ஜனவரி என்று பதிவு. எட்டு ஆண்டு கழித்துப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் போட்டி அலுவலராகப் போனார். அதற்கான அடையாள அட்டைக்குக் கொடுத்த தேதி 1986 ஜனவரி 23. போதாக்குறைக்கு, தான் எருது ஆண்டில் பிறந்தவள் என்று தன் வலைப்பதிவிலும் எழுதியிருந்தார். சீனக் கணக்கில் எருது ஆண்டு முடிந்தது 1986 பிப்ரவரியில். (நம் பஞ்சாங்கப்படி குரோதன ஆண்டு தை மாதம். நம் பாட்டிமார்களும் இப்படித்தானே வயது சொல்வார்கள்!) ஆட வேண்டியபோது கொடுத்த காகிதம் ஒன்று சொன்னது, அலுவலர் வேலைக்குக் கொடுத்த காகிதம் வேறொன்று சொன்னது. அலுவலருக்கு வயதை ஏற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. நான் விசாரித்திருந்தாலும் இரண்டாவதைத்தான் நம்பியிருப்பேன்.

எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். சிறு வயதிலிருந்து கடும் பயிற்சியும் குறைந்த சாப்பாடுமாக வளரும் பெண்களுக்கு எலும்பு முதிர்வதே தாமதமாகும். உண்மையான 16 வயதுக்காரியை எக்ஸ்ரே 14 என்று காட்டிவிடலாம். ஆகவே காகிதத்தை விட்டால் வழியில்லை.

2010 ஏப்ரலில் சர்வதேச ஒலிம்பிக் குழு சீன அணியின் வெண்கலத்தைத் திரும்பப் பெற்று, நான்காவதாக வந்த அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அந்த அணியின் கடைக்குட்டி டாஷா ஷ்விகர்ட், 1984 நவம்பரில் பிறந்தவர். சிட்னியில் ஆடிய செப்டம்பரில் அவருக்கும் 15தான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் 16 நிரம்பினால் போதும் என்பது விதி. பதக்கம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 25.